பத்தடிக் காரின் விசிறி

கார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றி எழுதுவார்கள், உடற்கூட்டின் அழகைப் பற்றி எழுதுவார்கள், பந்தய வெற்றிகளைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவார்கள். விசிறிக்கு அந்த நூல்களில் அரைப்பக்கம் கிடைத்தால் பெரிது. ஆனால் பழைய மினி காரை வைத்திருக்கும் எவரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கால்மணி நேரத்துக்குள் பேச்சு ரேடியேட்டருக்கும், அதை ஒட்டிச் சுழலும் ஒரு சாண் அகல விசிறிக்கும் வந்து சேர்ந்துவிடும். எத்தனை இறக்கை உள்ள விசிறி, இரும்பா பிளாஸ்டிக்கா, பழையதையே வைத்துக்கொள்வதா அல்லது மின்விசிறிக்கு மாறிவிடுவதா என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் நம் தமிழ்த்துறைகளில் நடக்கும் பாடபேத விவாதங்கள் நினைவுக்கு வரும். அந்த விசிறி ஏன் இத்தனை பேச்சுக்கு உரியதாயிற்று என்று தேடிப் போனபோது, அது ஒரு பெரிய முடிவுக்குச் சிறிய உறுப்பு கொடுத்த விலையின் கதையாக இருந்தது. இலக்கியப் பக்கத்தில் இயந்திரமா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை எகிப்தில் தொடங்குகிறது. 1956 ஜூலை 26 அன்று நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட்டது. பிரிட்டனுக்கு வரவேண்டிய எண்ணெய் வழியில் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து 1957 மே வரை அங்கே பெட்ரோலுக்குப் பங்கீடு. பெரிய கார் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மூன்று சக்கர, நான்கு சக்கரக் குமிழிக் கார்கள் லண்டன் தெருக்களில் பெருகின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அவற்றைத் தெருவை விட்டே துரத்தும்படியாக ஒரு முறையான சிறு காரை உருவாக்கும் பொறுப்பை அவர் அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைத்தார். ஒரே நிபந்தனை, நிறுவனத்தில் ஏற்கெனவே தயாராகும் இயந்திரம் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிய இயந்திரம் செய்யப் பணமும் இல்லை, காலமும் இல்லை.

இசிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னாவில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அது. கிரேக்க வழித் தந்தை, பவேரியத் தாய். 1922இல் அந்த நகரம் எரிந்த கலவரக் காலத்தில் ஊரைவிட்டு வெளியேறிய குடும்பம். பாட்டர்சி பாலிடெக்னிக்கில் கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றவர் என்பதை அவருடைய வரலாற்றை எழுதிய எல்லாரும் சொல்கிறார்கள். கணக்கைக் காட்டிலும் கைப்படம் அவருக்கு வசப்பட்டது. 1948இன் மாரிஸ் மைனர் அவர் வரைந்ததுதான். காரில் சொகுசு அதிகமானால் ஓட்டுகிறவனின் கவனம் சிதறும், சற்று அசௌகரியம் இருந்தால்தான் அவன் விழிப்போடு இருப்பான் என்பது அவர் கொள்கை. விசிறியின் ஓசையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கொள்கை நமக்குத் தேவைப்படும்.

காரின் நீளம் பத்தடி. அதற்குள் நான்கு பேர், அவர்களுடைய பெட்டிகள். அந்தப் பத்தடியில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் போய்விட வேண்டும், மிச்சமிருப்பது இயந்திரத்துக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மிச்சம் இரண்டடிதான். வழக்கம்போல நெடுக்காக வைத்தால் நான்கு சிலிண்டர் ஏ-சீரிஸ் இயந்திரமும் அதன் பின்னால் கியர்பாக்ஸும் அதற்குள் அடங்கவே அடங்கா. இசிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பிப் போட்டார். கியர்பாக்ஸை இயந்திரத்துக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார். சக்கரங்களைப் பத்து அங்குல விட்டத்துக்குச் சுருக்கினார். ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டனின் ரப்பர்க் கூம்புகள் வந்தன. 1959 ஆகஸ்ட் 26 அன்று கார் வெளிவந்தபோது அடிப்படை மாதிரியின் விலை 496 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ்.

இவையெல்லாம் பலரும் எழுதியவை. என் அக்கறை அடுத்த கேள்வியில்தான். இயந்திரத்தைக் குறுக்கே திருப்பிய பிறகு ரேடியேட்டரை எங்கே வைப்பது?

வழக்கமான காரில் இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. இயந்திரம் நெடுக்காக இருக்கும். அதன் முன்நுனியில் வாட்டர் பம்ப், பம்பின் தலையில் விசிறி, விசிறிக்கு முன்னே ரேடியேட்டர், அதற்கும் முன்னே கிரில். கார் ஓடினால் காற்று தானாக வந்து மோதும், நின்றால் விசிறி இழுத்துக் கொடுக்கும். எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ஒரு பெல்ட் போதும். மினியில் இயந்திரத்தின் அந்த முன்நுனி காரின் இடப்பக்கத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ரேடியேட்டரைக் கிரிலுக்குப் பின்னாலேயே வைத்தால் விசிறியை ஓட்ட வழியில்லை. விசிறியைப் பம்பின் தலையிலேயே வைத்தால் ரேடியேட்டரைக் காற்று வந்து மோதாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மின்விசிறி ஒன்றை வைத்திருக்கலாமே என்று இன்றைக்கு நாம் எளிதாகக் கேட்டுவிடுவோம். அன்றைய மினியின் டைனமோ தரக்கூடிய மின்னோட்டம் அதிகபட்சம் 22 ஆம்பியர். இரவில் மழையில் ஓட்டினால் முகப்பு விளக்கு, வைப்பர், ஹீட்டர், இக்னிஷன் எல்லாமாகச் சேர்ந்து அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ரேடியேட்டர் மின்விசிறிக்குப் பத்து ஆம்பியர் அளவில் தனியாக வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. டைனமோ என்பது இயந்திரம் மெதுவாக ஓடும்போது மின்சாரமே தராத கருவி. கார் நெரிசலில் நின்று இயந்திரம் சோம்பிச் சுற்றும்போதுதான் விசிறி மிகவும் தேவை, அப்போதுதான் டைனமோ கைவிரிக்கும். பாட்டரி எத்தனை நேரம் தாங்கும்? ஐந்நூறு பவுண்டுக்குள் கார் விற்க வேண்டிய நிறுவனத்துக்கு மோட்டாரும் அதன் சுவிட்சும் கூடுதல் செலவும்கூட.

ஆகவே ரேடியேட்டர் பக்கவாட்டுக்குப் போனது. இடது முன்சக்கரத்தை மூடியிருக்கும் உட்சுவரை ஒட்டி நிற்கவைத்து, அந்தச் சுவரில் வரிவரியாகத் துளைகள் வெட்டினார்கள். இயந்திர அறைக்குள் கிரில் வழியாக வரும் காற்றை விசிறி அள்ளி ரேடியேட்டர் வழியாகத் தள்ளும். சுட்ட காற்று துளைகள் வழியே சக்கரக்குழிக்குள் வெளியேறும்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுங்கள், தொழில் பழக்கம். விசிறி என்ற நம் சொல் விசிறு என்னும் வினையிலிருந்து வந்தது. விசிறுதல் என்றால் வீசி எறிதல். வலையை விசிறுகிறோம், விதையை விசிறுகிறோம். பெரும்பாலான கார்களின் விசிறி உண்மையில் விசிறுவதில்லை, ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தன்பக்கம் இழுக்கிறது. மினியின் விசிறிதான் சொல்லுக்குப் பொருத்தமாகக் காற்றைத் தன்னிடமிருந்து அப்பால் எறிகிறது. இது வெறும் வார்த்தை விளையாட்டு அன்று. மாரிஸ் மைனரிலும் இதே ஏ-சீரிஸ் இயந்திரம் இருந்தது, அதே திசையில்தான் சுழன்றது. ஆனால் அதன் விசிறி இழுக்கும் வகை. அதைக் கழற்றி மினியில் மாட்டினால் இறக்கைகளின் சாய்வு நேர்எதிராக இருப்பதால் காற்று சக்கரக்குழியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். கிரிலிலிருந்து வரும் காற்றோடு அது மல்லுக்கட்ட, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் கொதிக்கும். மினிக்குரிய விசிறியையே முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் வேறொரு வேடிக்கை. காற்றின் திசை மாறாது. சாய்வு அப்படியேதான் இருக்கிறது, இறக்கையின் வளைவு மட்டும் புறம்காட்டி நிற்பதால் வேகம் குன்றும். கார் நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும், சந்தைத் தெருவில் மட்டும் சூடேறும். காரணம் தெரியாமல் ரேடியேட்டரை மாற்றுவார்கள்.

பக்கவாட்டு ரேடியேட்டருக்குக் கொடுத்த விலை என்ன? முதலாவது, ஓடும் காரின் முகத்தில் மோதும் காற்று அதற்கு நேராகக் கிடைப்பதில்லை. கிரில் வழியாக நுழைந்த காற்று இயந்திர அறையில் சற்று அழுத்தத்தை ஏற்படுத்தி வெளியே தள்ள உதவும், அவ்வளவுதான். மற்றக் கார்களில் வேகம் கூடினால் விசிறி ஓய்வெடுக்கலாம், மினியில் அதற்கு ஓய்வு குறைவு. இரண்டாவது, ரேடியேட்டருக்கு வருவது புதிய காற்றன்று, இயந்திரத்தின் மேல் தவழ்ந்து ஓரளவு சூடேறிய காற்று. மூன்றாவது, சக்கரம் வாரியடிக்கும் சேறு துளைகள் வழியாக வந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே படிந்து இறுகும். வெளியே தெரியாத பக்கம் அது. மேலிருந்து பார்ப்பவருக்கு ரேடியேட்டர் புத்தம்புதிதாக இருக்கும். நான்காவது ஓசை. மெல்லிய தகரச் சுவருக்கு நெருக்கமாகச் சுழலும் விசிறி காருக்குள் இருப்பவர்களுக்குச் சங்கு ஊதுவதுபோலக் கேட்கும். இசிகோனிஸின் கொள்கைப்படி அதனால் யாரும் தூங்கிவிடப் போவதில்லை.

ஒரு விலகல். அதே முடிவின் இன்னொரு வால்தான் மழையில் நின்றுபோகும் மினி. முதலில் கார்புரேட்டர் முன்னால் இருந்தது. பிறகு இயந்திரத்தை அரைவட்டம் திருப்பிவிட்டதால் டிஸ்ட்ரிபியூட்டர் கிரிலுக்கு நேராக வந்தது, மழைச்சாரல் அதன்மேல் விழுந்தது. முதல் மாதங்களில் வாங்கியவர்கள் பட்ட பாடு தனிக்கதை. நிற்க.

விசிறியின் இயல்பைப் பற்றிச் சிறிது கணக்கு பார்த்துவிடுவோம். கல்லூரியில் இயற்பியலை விட்டு ஓடிவந்தவர்களும் பயப்பட வேண்டாம், மூன்று வரிதான். விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் சுழற்சி வேகத்தோடு நேராகக் கூடும். அது உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் இருபடியாகக் கூடும். அது விழுங்கும் திறன் முப்படியாகக் கூடும். இயந்திரம் நிமிடத்துக்கு 800 சுற்றில் சோம்பியிருக்கும்போது இருந்ததைவிட 4800 சுற்றில் விசிறி ஆறு மடங்கு காற்றைத் தரும். அதற்காக 216 மடங்கு திறனை இயந்திரத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பெல்ட்டில் ஓடும் விசிறியின் முரண் இதில் இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது வேண்டிய காற்றைத் தரும்படி அதைப் பெரிதாக்கினால் நெடுஞ்சாலையில் அது வேண்டாத காற்றை வாரி இறைத்துக் குதிரைத்திறனைத் தின்னும். நெடுஞ்சாலைக்கேற்பச் சிறிதாக்கினால் நெரிசலில் கைவிடும். முதல் மினியின் 848 சிசி இயந்திரம் தந்தது 34 குதிரைத்திறன்தான். அதில் ஒன்றிரண்டு போனாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.

சூட்டின் அளவையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகும், ஒரு பங்கு புகையோடு போகும், ஒரு பங்கு தண்ணீருக்குள் இறங்கும். 34 குதிரைத்திறன் என்பது 25 கிலோவாட். அப்படியானால் இயந்திரம் முழுமூச்சில் ஓடும்போது ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் இருபத்தைந்தின் சூட்டை அந்தச் சிறிய ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் மூன்று, மூன்றரை லிட்டர். ஒரு குடத்தில் பாதிகூட இல்லை. காற்று சற்று நேரம் நின்றால் அந்தத் தண்ணீர் கொதிப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. கொதித்தால் ஹெட் கேஸ்கெட் போகும். மேலும் பிடிவாதமாக ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வெடிப்பு விடும்.

இதனால் மினியின் நாற்பத்தோராண்டு வாழ்வில் விசிறிகள் பல வந்தன. நான்கு இறக்கை இரும்பு விசிறி. பதினாறு சிறு இறக்கைகள் கொண்ட விசிறி. பிற்காலத்தில் பதினோரு இறக்கைப் பிளாஸ்டிக் விசிறி. வெப்ப நாடுகளுக்கு என்றே ஆறு அகன்ற இறக்கைகள் கொண்ட ஒன்று, அதற்கு உதிரிபாகப் பட்டியல்களில் டிராபிக்கல் என்றே பெயர். பந்தயக்காரர்கள் இரண்டு இறக்கை விசிறியோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் கார் நெரிசலில் நிற்பதில்லை, ஒவ்வொரு குதிரைத்திறனும் அவர்களுக்குக் கணக்கு. பாடி ஹாப்கிர்க் 1964இலும், டிமோ மாக்கினென் 1965இலும், ரவுனோ ஆல்டோனென் 1967இலும் மான்டி கார்லோவை வென்றது ஜனவரிக் குளிரில், ஆல்ப்ஸ் மலைப் பனியில் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பொருந்திய விசிறி கொழும்புக்குப் பொருந்தாது.

இறக்கைகளின் எண்ணிக்கை காற்றை மட்டும் தீர்மானிப்பதில்லை, சுருதியையும் தீர்மானிக்கிறது. விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு ஐம்பது. நான்கு இறக்கை என்றால் காற்றில் நொடிக்கு 200 அடிகள். ஆறு என்றால் 300, பதினாறு என்றால் 800. அகன்ற இறக்கைகள் குறைவாக இருந்தால் ஒவ்வோர் அடியும் பலமானது, முரசுபோல. சிற்றிறக்கைகள் பலவானால் அடி ஒவ்வொன்றும் மெலிந்து ஓசை மேலேறிச் சீறலாகும். இறக்கைகளைச் சம இடைவெளியில் வைக்காமல் வேண்டுமென்றே முறைமாற்றி வைக்கும் உத்தியும் உண்டு. ஒரே சுருதியில் குவியும் ஓசை பல சுருதிகளில் சிதறிவிடும், மொத்த ஓசை குறையாவிட்டாலும் காது அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தாளம் தப்பிய பாட்டுக்கு யாரும் தலையாட்ட மாட்டார்கள் என்பதைப் பொறியாளர்கள் இப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

விசிறியைச் சுற்றி வளையம்போல நிற்கும் தகரக் கவசத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறக்கை நுனிக்கும் கவசத்துக்கும் நடுவில் இடைவெளி சிறிதாக இருந்தால்தான் தள்ளிய காற்று நுனி வழியாகத் திரும்பி வராமல் ரேடியேட்டருக்குள் போகும். பழைய கார்களைப் பழுது பார்க்கும்போது, எட்டாத இடத்தில் இருக்கிறது என்று இந்தக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிடுவது உண்டு. பெல்ட் மாற்றுவதற்கு மினியில் விரல் நுழைய இடமில்லை. பெல்ட்டை விசிறிக்கும் கவசத்துக்கும் நடுவே ஒவ்வோர் இறக்கையாகத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். பதினாறு இறக்கை என்றால் பதினாறு தடவை. மெக்கானிக்கின் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் கவசமில்லாத இடத்தில் எந்த விசிறியை மாட்டினாலும் பாதிப் பயன்தான்.

மற்றவர்கள் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால்தான் இசிகோனிஸின் முடிவை எடைபோட முடியும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் தண்ணீரே கிடையாது. டைனமோவின் தண்டிலேயே ஒரு பெரிய விசிறி, அது கூட்டுக்குள்ளிருந்து காற்றைச் சிலிண்டர்கள்மேல் ஊதும். பெல்ட் அறுந்தால் விசிறியும் டைனமோவும் சேர்ந்து நிற்கும், பலகையில் சிவப்பு விளக்கு எரியும். பாட்டரி விளக்குத்தானே என்று அலட்சியமாக ஓட்டினால் இயந்திரம் போயிற்று. சிட்ரோயன் டூசீவியில் பெல்ட்டே வேண்டாம் என்று விசிறியைக் கிராங்க் தண்டிலேயே மாட்டிவிட்டார்கள். அறுவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு அந்தத் தீர்வின்மேல் பெருமதிப்பு. உழவனின் புத்தி அதில் இருக்கிறது. மினிக்குப் போட்டியாக 1963இல் ஸ்காட்லாந்தின் லின்வுட் ஆலையிலிருந்து வந்த ஹில்மன் இம்ப்பின் கதை சோகமானது. பின்னால் இயந்திரம், அதன் பக்கத்தில் ரேடியேட்டர், இயந்திரமோ அலுமினியம். வார்ப்பிரும்பு ஓரளவு சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், அலுமினியம் வளைந்துவிடும். நல்ல கார், ஆனால் சூடேறுகிற கார் என்ற பெயர் முதல் ஆண்டுகளிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு திருத்தங்கள் செய்தும் அந்தப் பெயர் போகவில்லை.

விடை இத்தாலியிலிருந்து வந்தது. ஃபியட்டின் தான்தே ஜியாகோசா 1969இல் கொண்டுவந்த 128 காரில் இயந்திரம் குறுக்காகத்தான் இருந்தது. கியர்பாக்ஸ் அதன் அடியில் இல்லாமல் பக்கத்தில். ரேடியேட்டர் மீண்டும் முன்னால், கிரிலுக்குப் பின்னால். அதற்கு மின்விசிறி. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் மட்டும் விசிறி ஓடும், மற்ற நேரம் சும்மா இருக்கும். இன்று தெருவில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பின் வழித்தோன்றல்களே. உலகம் இசிகோனிஸின் குறுக்கு இயந்திரத்தை எடுத்துக்கொண்டது, அவருடைய பக்கவாட்டு ரேடியேட்டரை விட்டுவிட்டது. அவர் தவறு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். 1959இன் டைனமோவோடு 1969இன் தீர்வைச் செய்திருக்க முடியாது. அந்தப் பத்தாண்டுகளில் ஆல்டர்னேட்டர் பரவலாகத் தொடங்கியிருந்தது. சோம்பிச் சுற்றும்போதும் மின்சாரம் தரக்கூடியது அது.

சரி, இன்று ஒரு பழைய மினி கையில் இருக்கிறது, எந்த விசிறியை மாட்டுவது? இலங்கையில் இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அன்று. இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான மினிகளும் மாரிஸ் மைனர்களும் இன்னும் அங்கே அன்றாடச் சாலைகளில் ஓடுகின்றன. நம் பக்கம் மினி அபூர்வம். ஆனால் பத்மினியோ பழைய அம்பாசிடரோ வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தர்க்கத்தில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு பக்கத்தில் மூலத்தைக் காப்பவர்கள். ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், 1962 கார் என்றால் 1962 விசிறி. மறுபக்கத்தில் ஓட்டுவதற்குத்தான் கார் என்பவர்கள். பழைய விசிறியை அறுத்தெறிந்துவிட்டு மின்விசிறி ஒன்றைப் பொருத்திக்கொள்வார்கள். பதிப்பாசிரியர்களிடையிலும் இந்த இரண்டு கட்சிகள் உண்டு. ஏட்டில் உள்ள பிழையையும் அப்படியே அச்சிட வேண்டும் என்பார் ஒருவர், படிப்பவனுக்குப் பொருள் விளங்கும்படித் திருத்திவிட வேண்டும் என்பார் மற்றொருவர். நல்ல பதிப்பாசிரியர் திருத்துவார், ஆனால் மூலபாடத்தை அடிக்குறிப்பில் வைத்திருப்பார். எனக்குப் பிடித்த வழி அதுவே. எதையும் வெட்டாமல், துளையிடாமல், நாளை வேறொருவர் கழற்றிப் பழையபடி மாட்டக்கூடியதாகச் செய்யும் மாற்றம் எதுவும் குற்றமாகாது.

ஆனால் விசிறியைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில. ரேடியேட்டரைக் கழற்றிச் சக்கரப் பக்கத்துச் சேற்றைக் கழுவ வேண்டும். கவசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் விசிறி வழுக்கும். மூடியின் ஸ்பிரிங் களைத்திருந்தால் அழுத்தம் நிற்காது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும் என்பதால் 13 பவுண்டு மூடி தருவது இருபது டிகிரி பாதுகாப்பு. சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு, அது மருந்தன்று. 82 டிகிரியில் திறப்பதற்குப் பதிலாக 74 டிகிரியில் திறப்பதைப் போடலாம். ஆனால் அது திறக்கும் நேரத்தைத்தான் மாற்றும். முழுதும் திறந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் குறை வேறிடத்தில். இத்தனையும் சரியாக இருந்தும் கொதித்தால்தான் விசிறியின்மேல் பழி போடலாம்.

அப்போதும் எங்கே சூடேறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் சூடேறுகிறதா, கொழும்பு நெரிசலில் சூடேறுகிறதா? இரண்டும் வேறு நோய்கள். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இயந்திரம் வேகமாகச் சுற்றுகிறது, கார் மெதுவாகப் போகிறது. பெல்ட் விசிறிக்கு இது உகந்த களம். இயந்திரம் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு காற்று. ஆறு இறக்கை விசிறி இங்கே தன் பெயருக்கு நியாயம் செய்யும். நெரிசலிலோ அந்த ஆறு இறக்கையும் 800 சுற்றில்தான் தள்ளாடும். மின்விசிறிக்கு இயந்திரத்தின் வேகம் ஒரு பொருட்டில்லை, நிற்கும்போதும் அதே காற்றைத் தரும். ஆகவே ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கு மின்விசிறியையும், மலையேறும் காருக்கு அகன்ற இறக்கையையும் சிபாரிசு செய்வேன். ஓசையைப் பொறுக்காதவர்கள் மூடியையும் ரேடியேட்டரையும் சரிசெய்துகொண்டு பிளாஸ்டிக் விசிறியோடு இருந்துவிடலாம்.

மின்விசிறிக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1960களின் மினிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய மின்விசிறியை அதன் வண்ணக்கம்பிகளை நம்பி வழக்கம்போல் உடலோடு இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஓசை வரும், காற்று வரும், தவறான பக்கம் வரும். கம்பிகளை மாற்றிக்கொடுத்தால் தீரும். டைனமோ இருக்கிற காரில் முதலில் ஆல்டர்னேட்டரைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் மின்விசிறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆலையே கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புகைக்கட்டுப்பாட்டுக்காகக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தியபோது இயந்திர அறையின் சூடு கூடியது. பெல்ட் விசிறியை வைத்துக்கொண்டே இடது சக்கரக்குழிக்குள் ஒரு துணை மின்விசிறியைச் சேர்த்தார்கள். உள்ளிருந்து ஒன்று தள்ள, வெளியிலிருந்து மற்றொன்று இழுக்கும். இசிகோனிஸ் 1988இல் மறைந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை. பிறகு சாலையில் கடந்துபோகும் கார் எழுப்பும் ஓசைக்கு ஐரோப்பிய வரம்புகள் இறுகின. பக்கவாட்டு விசிறியின் சங்கொலியோடு அந்தத் தேர்வில் தேற முடியாது. 1996இல் ரேடியேட்டரைக் கழற்றி முன்னால், கிரிலுக்குப் பின்னால் கொண்டுவந்து மின்விசிறி வைத்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகள், 2000 அக்டோபர் 4 அன்று கடைசிக் கார் லாங்பிரிட்ஜ் ஆலையை விட்டு வெளியேறும்வரை, மினி தன் முப்பத்தேழு ஆண்டுகால ஓசை இல்லாமல்தான் ஓடியது. அந்த அமைதியான மினிகளை வாங்கியவர்களில் சிலர் அது மினி மாதிரியே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்களாம்.